ஹாஜியாரை வரவேற்கப் போகிறவர்களுக்கு

1

எதையும் இரண்டு காலண்டரில் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. லெஸ்டரில் எங்கள் சமையலறைச் சுவரில் இங்கிலாந்துக் காலண்டர் ஒன்றும், மேலப்பாளையத்திலிருந்து யாராவது கொண்டு வந்து தருகிற பிறைக் காலண்டர் ஒன்றும் அடுத்தடுத்துத் தொங்குகின்றன. பிறை வருடம் சூரிய வருடத்தைவிடக் கொஞ்சம் குட்டை. அதனால் நம் மாதங்கள் பருவங்களுக்குள் பின்னோக்கி நடந்துகொண்டே இருக்கும். ஒரு சுற்று முடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வருடம் ஆகும். ஒரு மனிதன் தன் வாழ்நாளில் அதை ஒரு முறை பார்ப்பான். கொடுத்து வைத்தவன் இரண்டு முறை பார்ப்பான்.

இந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் மே மாதக் கடைசியில் வந்தது. என் தம்பி சலீம் இறந்த வருடமும் அப்படித்தான். அக்னி நட்சத்திரம் ஓய்கிற சமயம், அருவிகளில் தண்ணீர் விழுமா என்று ஊரே விசாரித்துக்கொண்டிருந்த வாரம். ஜனவரியில் பிறைக் காலண்டரை ஆணியில் மாட்டும்போதே இதைக் கவனித்துவிட்டேன். சுற்று முடிகிறது, ஏதோ வரப்போகிறது என்று நினைத்தேன்.

நம் மேலப்பாளையத்து இதழில் இதைப் படிக்கிற உங்களில் வயதானவர்களுக்குச் சலீமைத் தெரியும். சேரன்மகாதேவி பக்கம் பைக்கை ஏற்றி ஒரு பெரியவரைக் கொன்று, தானும் செத்துப்போன பையன் என்று தெரியும். அந்த வாக்கியத்தைத் திருத்துவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மனம் ஆறுவதற்காகவோ யாரையும் சமாதானம் செய்வதற்காகவோ எழுதவில்லை.

2

முதலில் வந்தது அரசாங்க உறை. நீதிமன்றத்துக்கு ஜூரியாக வர வேண்டும் என்று எழுதியிருந்தது. இந்த நாட்டில் அது அழைப்பு இல்லை, கட்டளை. மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் என் மேலாளரிடம் காட்டினேன். இணையத்தில் பதில் எழுதினேன். குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தில் வழக்கம்போல வாப்பாவின் பெயரைப் போட்டேன். நமக்கேது குடும்பப் பெயர்? வந்திறங்கிய நாளில் ஏதோ ஒரு கவுன்ட்டரில் செய்த அந்த ஏற்பாட்டால், இங்கே பல வருடமாக என்னை எல்லோரும் வாப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நீதிமன்றத்திலும் அப்படித்தான். "மிஸ்டர் இஸ்மாயில்!" என்று ஒரு பெண்மணி கூப்பிட்டபோது, வாப்பாவே எழுந்து போவதுபோல எழுந்து போனேன்.

வழக்கைப் பற்றி எழுதச் சட்டம் விடாது. எழுதவும் ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது சத்தியத்தைப் பற்றி. ஒவ்வொரு மதத்துக்கும் ஒரு அட்டை வைத்திருந்தார்கள். நம் திருமறையைத் துணியில் சுற்றி, தன் விரல் படாமல் தட்டில் ஏந்தி நின்றார் அந்தப் பணியாளர். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

"எந்த நூல், சார்?"

கடவுள் பெயர் சொல்லாமல் உறுதிமொழி எடுக்கவும் வழி உண்டு. அதற்கான சொல் எனக்கு நன்றாகத் தெரியும், முந்திய நாள்கூடப் படித்திருந்தேன். அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. "நோ காட், ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறாமல் வேறு அட்டையை நீட்டினார். என் பக்கத்தில் நின்ற லாகூர்க்காரர் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார்.

மதியம் உணவு இடைவேளையில் அவர் விடவில்லை. "தொழுகை அறையில் உங்களைப் பார்த்தேனே, பாய்? காலையில் கடவுள் வேண்டாம் என்றீர்களே?"

"அவன் வேண்டும். அவன் பெயரைச் சொல்லி நான் சத்தியம் செய்வதில்லை" என்றேன்.

"ஏன்?"

"எங்கள் வீட்டுப் பங்கை ஒருவன் ஏற்கெனவே செலவழித்துவிட்டான்."

அவருக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதால் அந்த நாளை முழுதாகச் சொல்கிறேன்.

3

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள். நம் ஊர் இளவட்டங்கள் மணிமுத்தாறு அருவிக்குக் கிளம்புகிற நாள். ஜமால் மச்சான் அப்போதுதான் பைக் வாங்கியிருந்தான். வாப்பாவின் தங்கை மகன், எங்களைவிட மூத்தவன், எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டு வளர்ந்தவன். சலீமை வா என்று கூப்பிட்டான். சலீம் பெருநாளுக்கு முந்திய வாரம்தான் கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்திருந்தான். பேட்டை எலும்பு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார். பெருநாள் பிரியாணியையே உம்மாதான் அவனுக்கு ஊட்டிவிட்டாள்.

"கையில கட்டோட எங்கலே கெளம்புதே?" என்று உம்மா வாசலை மறித்தாள்.

"நானா உம்மா ஓட்டப் போறேன்? பின்னாலதானே உக்காரப் போறேன்" என்றான். அவளிடம் அவன் கடைசியாகச் சொன்னது அதுதான்.

திரும்பும் வழியில், சேரன்மகாதேவிக்கு முன்னால் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே, சைக்கிளில் இலைக்கட்டு ஏற்றி வந்த ஒரு பெரியவர் மீது பைக் மோதியது. அவர் அங்கேயே போய்விட்டார். சலீம் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியில் போனான். ஜமாலுக்கு முழங்காலில் சிராய்ப்பு. சலீம்தான் ஓட்டினான் என்று போலீஸில் சொன்னான். ஓட்டியவனே செத்துவிட்டதால் வழக்கு முடிந்தது.

சலீமின் மய்யித்தைக் குளிப்பாட்டியபோது நான் தண்ணீர் ஊற்றினேன், வாப்பா தேய்த்தார். வலது கையில் கட்டு அப்படியே இருந்தது. வாப்பாதான் அவிழ்த்தார். ஈரத் துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து, பத்தையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். சோற்றைப் பிசைய முடியாத கை எப்படி ஆக்ஸிலரேட்டரைத் திருகும்? நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சாட்சி சொல்ல வைத்தியர் தயாராக இருந்தார். பாளையங்கோட்டையில் தெரிந்த வக்கீல் ஒருவர், வழக்கைத் திறக்கலாம் என்றார். வாப்பா கேட்கவில்லை. "பள்ளிவாசலுக்கு வரட்டும். அல்லாஹ் பேரைச் சொல்லி அவன் சத்தியம் பண்ணட்டும். நம்ம ரத்தம் அந்தப் பேரை வச்சுப் பொய் சொல்லாது" என்றார்.

வேறு யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள். கையில் சாட்சியம் இருந்தும் அதை விட்டுவிட்டு, எதிரியின் இறைநம்பிக்கையை, அவன் ஈமானை நம்பி வழக்கை ஒப்படைத்தார்.

வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, ஜமாஅத்தார் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜமால் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்து வந்து, கிப்லாத் திசையைப் பார்த்து நின்றான்.

பள்ளிவாசல் ஹஜரத் பொறுமையாகத்தான் சொன்னார். "எப்பா ஜமாலு, இது விளையாட்டு இல்ல. பைய யோசிச்சுச் சொல்லு. தண்ணி வேணும்னா குடி."

"யோசிக்க என்ன இருக்கு ஹஜரத்?" என்றான். திருமறை மேல் கையை வைத்தான். "வல்லாஹி, பில்லாஹி, தல்லாஹி. வண்டிய ஓட்டுனது சலீம்தான். கட்டோட ஓட்டாதலேன்னு நான் சொன்னேன். அவன் கேக்கல."

குரல் நடுங்கவில்லை. அதுதான் இன்றுவரை எனக்குப் பொறுக்கவில்லை.

சத்தியம் ஆன பிறகு கேட்டவன் வாய் திறக்கக் கூடாது என்பது நம் பள்ளி வழக்கம். வாப்பா எழுந்து போய் ஜமாலுக்குக் கை கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியில் நான் அழுதுகொண்டே கேட்டேன். "கட்டை நீங்கதானே வாப்பா அவிழ்த்திய?"

ஈஸா நபியைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி ஒன்றைச் சொன்னார். ஒருவன் திருடுவதை அவர் கண்ணால் பார்த்தாராம். அவன் அல்லாஹ் மீது ஆணையிட்டு இல்லை என்றானாம். அல்லாஹ்வை நம்புகிறேன், என் கண்ணைப் பொய்யாக்கிக்கொள்கிறேன் என்றாராம் அவர். "எனக்கும் அப்படித்தான்" என்றார் வாப்பா. அதன் பிறகு அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

பேசாமல் இருந்தாரே தவிர, சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு பெருநாள் முடிந்த மூன்றாம் நாளும் பஸ் ஏறி, இறந்த பெரியவரின் வீட்டுக்குப் போவார். வாசலில் நின்று, "என் மவன் செஞ்சதப் பொறுத்துக்கிடணும், தாயி" என்பார். ஒரு முறை நானும் கூடப் போனேன். அந்த அம்மா, பெரியவரின் மனைவி, வெளியே வரவே இல்லை. அவர் கொழுந்தன்தான் வந்து, "போங்க பாய், அது வராது. வருசா வருசம் வந்து ஏன் நிக்கிய?" என்றார். செய்யாத மகனுக்காக அந்த வாசலில் நின்று நின்றே வாப்பா மௌத்தாகிப் போய்ச் சேர்ந்தார். செய்தவன் எங்கள் வீட்டுக் கந்தூரி விருந்துக்கு வந்து கறி எடுத்துப் போட்டுச் சாப்பிட்டான்.

4

எங்கள் உம்மாவிடம் படைத்தவனுக்குப் பல பெயர்கள் இருந்தன. வலி வந்தால் "நாயனே". ஏதாவது வேண்டும் என்றால் "ரப்பே". பெருமூச்சுக்கு "ஆண்டவனே". அல்லாஹ் என்ற பெயரை மட்டும் அவள் வீட்டுப் பேச்சில் பைய, சத்தம் இல்லாமல் சொல்லுவாள். அது பெரிய பெயர், சும்மா எடுக்கிற சாமான் இல்லை என்பது அவள் நினைப்பு.

இங்கே என் மகள் நிஷாவின் பள்ளிக்கூடத்தில் அது பேருந்து நிறுத்தத்தில் கிடக்கிறது. இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும், எந்த மதமானாலும், அல்லாஹ் மீது ஆணையிட்டு வாய்க்கு வாய் "வல்லாஹி" என்கிறார்கள். நிஷாவும்தான். "வல்லாஹி, ஹோம்வொர்க் முடிச்சுட்டேன்." "வல்லாஹி, இந்தப் பாஸ்தா நல்லா இல்ல." தமிழ் கேட்டால் புரியும், பேசுவது குறைந்துவிட்டது. ஆனால் இந்த ஒரு சொல் மட்டும் நாளுக்கு நூறு முறை. ஒரு நாள் நான் தட்டை வைத்த வேகத்தில் அது விரிசல் விட்டது. "அந்தச் சொல்லை இந்த வீட்டில் சொல்லாதே" என்றேன். ஏன் என்று கேட்டாள். சொல்லவில்லை. வாப்பா கை கொடுத்து முடித்ததை நான் திறக்கக் கூடாது அல்லவா?

எனக்கு ஒரு வழி மட்டும் மிச்சம் இருந்தது. அல்லாஹ்வின் தொண்ணூற்றொன்பது திருநாமங்களைத் தஸ்பீஹ் மாலையில் மணிக்கு ஒன்றாக உருட்டி ஓதுவது எங்கள் வீட்டுப் பழக்கம். அந்த வரிசையில் தவ்வாப் வருவான், பாவமன்னிப்பை ஏற்பவன். அடுத்து முன்தகிம், பழி வாங்குபவன். அதற்கு அடுத்தது அஃபுவ்வு, பிழை பொறுப்பவன். முன்தகிம் என்பதைத் தனியாக ஓதக் கூடாது, பொறுப்பவனோடு சேர்த்தே ஓத வேண்டும் என்று எழுதிய அறிஞர்கள் இருக்கிறார்கள். வேதத்தில் அது அப்படித் தனித் திருநாமமாக வரவில்லை, குற்றவாளிகளைப் பற்றிய எச்சரிக்கையாகத்தான் வருகிறது என்று வாதிட்டவர்களும் உண்டு. இரண்டு பக்கத்தையும் நான் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். ஊரைவிட்டு வந்ததிலிருந்து முன்தகிம் மணியோடு நிறுத்திக்கொள்கிறேன். விரலை அடுத்த மணிக்குத் தள்ளுவதில்லை.

5

ஜூரி வேலை முடிந்த அதே வாரம் தொலைபேசி வந்தது. ஜமால். ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் சொந்தம், பந்தம், பகையாளி எல்லோரிடமும் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது நம் வழக்கம். பொறுத்தாச்சு, எங்களுக்கும் துஆச் செய்யுங்கள் என்று எல்லோரும் சொல்லுவோம். யாரும் யோசிப்பதில்லை.

"மாப்ளே, ஹஜ்ஜுக்கு நாடியிருக்கேன். அடுத்த வாரம் பயணம். தெரிஞ்சோ தெரியாமலோ எதாவது தப்பு நடந்திருந்தா அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கிடுங்க."

"எதை மச்சான்?"

"என்ன, எதை?"

"எதைப் பொறுக்கணும்னு கேக்கேன்."

சிரித்தான். "ஏ, இது வழக்கந்தானே வே. எல்லார்ட்டயும் கேக்குததுதான். மைனி பக்கத்துலதான் இருக்கா, ஸலாம் சொல்லுதா."

"வழக்கத்துக்கெல்லாம் நான் பொறுக்கது இல்ல. இன்னதுன்னு ஒண்ணு இருக்கும்லா, அதைச் சொல்லுங்க."

சிரிப்பு நின்றது. பிறகு குரல் தாழ்ந்தது. "பள்ளியில வச்சு முடிஞ்சத மறுபடி கெளறக் கூடாது, மாப்ளே. மாமாவே கை குடுத்து முடிச்சது."

"பள்ளியப் பத்தி நான் பேசவே இல்லையே மச்சான். நீங்களாத்தான் பேசுதிய."

வைத்துவிட்டான். இத்தனை வருடத்தில் முதன்முதலாக அவன் தடுமாறியதை என் காதால் கேட்டேன். அந்த இனிப்பை நான் மறைக்கப் போவதில்லை.

நிஷா கேட்டாள். "சாரி சொல்றாங்க, ஓகே சொல்லிட்டுப் போங்களேன் வாப்பா. என்ன இருக்கு அதுல?"

அன்றைக்குத்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அல்லாஹ் தனக்குச் செய்த தவறை மன்னிப்பான், மனிதனுக்கு மனிதன் செய்த தவறை, பாதிக்கப்பட்டவன் பொறுக்காத வரை மன்னிப்பதில்லை என்றும் சொன்னேன். யோசித்தாள்.

"அப்போ அல்லாஹ்வே உங்களுக்காக வெயிட் பண்றானா?"

"ஆமாம்" என்றேன்.

6

அரஃபா நாள். ஹாஜிகள் அங்கே வெட்டவெளியில் நின்று அழுகிற நாள். போகாதவர்கள் நோன்பு வைப்போம். நான் நோன்பு திறப்பதற்கு வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன், கையெல்லாம் மாவு. நிஷா சமையலறை மேசையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தொலைபேசி அடித்தது. ஜமால் என்று பார்த்து, அவளையே ஒலிபெருக்கியில் போடச் சொன்னேன்.

பின்னால் கடல் மாதிரி ஒரு சத்தம். ஹாஜிகள் கூட்டமாகச் சொல்கிற லப்பைக், லப்பைக். அவன் அழுதுகொண்டிருந்தான்.

"மாப்ளே, அரஃபாவுல நிக்கேன். நான் சொல்லுததக் கேட்டுட்டுப் பொறுத்துக்கிடணும். அன்னைக்கு நாந்தான் ஓட்டுனேன்."

நிஷா பேனாவைக் கீழே வைத்தாள்.

"சலீம்?"

"பின்னாலதான் இருந்தான். 'பைய போ மச்சான், பைய போ'ன்னு சொல்லிக்கிட்டே வந்தான்."

அரைத்த மாவை ஓரமாகத் தள்ளி வைத்தேன். பிறகு தெளிவாகவே சொன்னேன். "சரி. ஊருக்கு வந்ததும் வெள்ளிக்கிழமை, அதே பள்ளியில எந்திரிச்சு நின்னு இதைச் சொல்லுங்க. பெறகு சேரன்மகாதேவிக்குப் போயி, அந்தப் பெரியவர் வீட்டு வாசல்ல சொல்லுங்க. எங்க வாப்பா நின்ன எடத்துல நில்லுங்க. அன்னைக்குப் பொறுக்கேன்."

"அதெப்படி மாப்ளே? சின்னவளுக்கு நிச்சயம் வச்சிருக்கு. பள்ளியிலயும் நான் இப்போ பொறுப்புல இருக்கேன். அல்லாஹ்ட்ட சொல்லிட்டேன், உங்கிட்டயும் சொல்லிட்டேன். வேற யாருக்குத் தெரியணும்?"

"பொய்ய ஊரக் கூட்டி வச்சு, அல்லாஹ் பேரால சொன்னே. உண்மைய மட்டும் என் காதுல ரகசியமாச் சொல்லுதியாலே?"

மூத்தவனை லே போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"பொறுக்கலன்னு சொல்லிராத மாப்ளே. இங்கன பொழுது இறங்கப் போகுது."

"பொறுக்கல" என்றேன். என் கையில் மாவு இருந்தது. "நிஷா, அதை நிறுத்து." அவள்தான் நிறுத்தினாள்.

கையைக் கழுவிவிட்டு வந்து அவள் எதிரே உட்கார்ந்தேன். "நீ கேட்டியா?"

"எல்லாம் கேட்டேன்."

"நாளைக்கு ஊரில் யாராவது கேட்டால் சொல்லுவியா?"

"வல்லாஹி" என்றாள். அந்தச் சொல்லை நான் அன்று தடுக்கவில்லை.

7

சத்தியத்துக்குப் பிறகு வாய் திறக்கக் கூடாது என்ற வழக்கத்தை வாப்பா சாகும்வரை காத்தார், நானும் காத்தேன். அதை உடைத்தவர் சத்தியம் செய்தவரே. ஆகவே இனி அது என்னைக் கட்டாது. நான் தனியாகவும் இல்லை, என் பக்கம் ஒரு சாட்சி இருக்கிறாள்.

இந்த இதழை நடத்துகிறவர்கள், ஜமாலின் பெயரை மாற்றிப் போடலாமே என்று அன்பாகக் கேட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக உங்கள் பேச்சில் சலீமின் பெயரை யாரும் மாற்றிப் போடவில்லை. வெள்ளிக்கிழமை ஜுமுஆ பயான் உரையில் இளவட்டத் திமிருக்கு உதாரணம் காட்டியபோதும் மாற்றவில்லை. இந்தப் பெயரும் அப்படியே இருக்கட்டும் என்றேன்.

ஹாஜியார் ஜமால், திருவனந்தபுரத்தில் இறங்கி வேனில் ஊர் வருகிறார். அவர் வருவதற்கு முன்பே இந்த இதழ் உங்கள் கையில் இருக்கும். தெருமுனையில் வரவேற்புத் தட்டி கட்டுவீர்கள். ஹாஜி வீட்டுக்குள் காலை வைப்பதற்கு முன் கேட்கும் துஆ ஏற்கப்படும் என்று, வாசலிலேயே அவரை நிறுத்திக் கட்டிப் பிடித்துக்கொள்வீர்கள். போங்கள், நான் தடுக்கவில்லை. துஆ கேட்பதற்கு முன்னால் யாராவது ஒருவர், வயதில் மூத்த ஒருவர், அல்லாஹ்வுக்காகக் கேட்கிறேன் என்று சொல்லி, வண்டி ஓட்டியது யார் என்று கேளுங்கள்.

உண்மையைச் சொன்னால், அங்கிருந்தே வேனைத் திருப்பிச் சேரன்மகாதேவிக்கு அழைத்துப் போங்கள். அந்த அம்மா இன்னும் இருக்கிறார். விசாரித்துவிட்டேன்.

பொய் சொன்னால் எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள். என் விரல் இன்னும் முன்தகிம் மணியிலேயே இருக்கிறது. நான் அவசரப்படவில்லை. அடுத்த மணி எது என்று எனக்குத் தெரியும், படைத்தவனுக்கும் தெரியும்.